கோடிங் படிக்க எந்தக் கம்ப்யூட்டர்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கல்லூரி திறக்கிற நேரம் என்பதால் இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயம்தான்: கோடிங் கற்றுக்கொள்ள வேண்டும், கம்ப்யூட்டரை எப்படித் தயார் செய்வது? ஆறு கேள்விகளை எடுத்திருக்கிறேன். முதல் கேள்வியில் ஒரு குடும்பத்தின் பணம் சம்பந்தப்பட்டிருப்பதால் அதற்குக் கொஞ்சம் நீட்டித்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேள்வி: மகள் பிளஸ் டூவில் பயாலஜி குரூப் படித்தவள், இப்போது பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருக்கிறாள். ரூ.70,000-க்குக் குறைந்து வாங்கினால் கோடிங்குக்கு ஆகாது என்று கடையில் சொல்கிறார்கள், தவணையில் தரவும் தயார். வீட்டில் மூத்தவளுக்கு 2017-ல் பள்ளியில் கொடுத்த அரசு லேப்டாப் இருக்கிறது. 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ஆன் செய்துவிட்டுப் போய் காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் அது இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கும். எடைக்குப் போட்டுவிடலாமா?
*ஒரு தாய், மன்னார்குடி*

பதில்: போட்டுவிடாதீர்கள் அம்மா. தவணையிலும் கையெழுத்துப் போடாதீர்கள், குறைந்தது இந்த ஒரு வருடத்துக்கு.

முதல் ஆண்டில் உங்கள் மகள் எழுதப்போவது மூன்று எண்ணில் எது பெரியது என்று கண்டுபிடிப்பது, மதிப்பெண்களைக் கூட்டிச் சராசரி எடுப்பது, ஒரு பட்டியலை வரிசைப்படுத்துவது மாதிரியான நிரல்கள். முப்பது நாற்பது வரி இருக்கும். அதற்கு 4 ஜிபி ராம் தாராளம். ஆண்ட்ராய்டு ஆப் செய்யப் போகிறாள், கேம் செய்யப் போகிறாள் என்றால் அப்போது 8 ஜிபி, 16 ஜிபி என்று பேசலாம். அந்த நிலைக்கு அவள் வரும்போது எது தேவை என்று அவளே உங்களுக்குச் சொல்வாள், கடைக்காரர் சொல்ல வேண்டியிருக்காது.

அப்படியென்றால் ஏன் இவ்வளவு மெதுவு? பெரும்பாலும் அந்த ஹார்ட் டிஸ்க்தான் காரணம். உள்ளே ஒரு தட்டு சுற்றும், அதன் மேல் ஒரு ஊசி இங்கும் அங்கும் ஓடித் தேடும், அதற்கு ஆகும் நேரம்தான் உங்கள் காபி நேரம். சோதித்துப் பார்க்க ஒரு வழி: லேப்டாப் ஆன் ஆனதும் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொல்லுங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். ஒரே வரியாக வந்தால் கீழே மோர் டீட்டெயில்ஸ் என்பதை அழுத்த வேண்டும். அதில் சிபியு, மெமரி, டிஸ்க் என்று மூன்று பத்தி இருக்கும். ஒன்றும் திறக்காமல் சும்மா இருக்கும்போதே டிஸ்க் பத்தி நிமிடக் கணக்கில் 100 சதவீதத்திலேயே நின்றால், பிரச்சினை அங்கேதான்.

வைத்தியம் எஸ்எஸ்டி. தட்டும் கிடையாது, ஊசியும் கிடையாது, எல்லாம் சிப். 240 அல்லது 256 ஜிபி போதும், அதற்கு ஆகும் செலவு புது லேப்டாப் விலையில் ஒரு சிறு பங்குதான். லேப்டாப்பின் அடிப்பக்க மூடியைக் கழற்றி, பழைய டிஸ்க்கை உருவிவிட்டு அதே இடத்தில் செருகுகிற வேலை. சர்வீஸ் கடையில் உங்கள் கண் முன்னாலேயே முடித்துத் தருவார்கள். போகும்போது லேப்டாப்பைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள், மாடல் எண்ணைப் பார்த்துத்தான் பொருத்தமானதைத் தர முடியும். கையில் இன்னும் பணம் இருந்தால் 4 ஜிபி ராமும் ஒன்று கூட்டலாம், ஆனால் ராமில் டிடிஆர்3, டிடிஆர்4 என்று வகைகள் உண்டு, ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது, கார்டில் உள்ள வெட்டே இடம் மாறி இருக்கும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் யோசிக்காமல் எஸ்எஸ்டி.

அடுத்தது விண்டோஸ். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போடலாமே என்றால் அது டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப், புதிய தலைமுறை பிராசசர் என்று கேட்கிறது, 2017 லேப்டாப்பில் பெரும்பாலும் ஏறாது. ஆகவே லினக்ஸ், விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற இன்னொரு இயங்குதளம். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், அந்த அரசு லேப்டாப்களில் பலவற்றில் விண்டோஸோடு சேர்த்து பாஸ் என்கிற லினக்ஸும் போட்டுத்தான் கொடுத்தார்கள், யாரும் திறந்து பார்க்கவில்லை என்பதுதான் வருத்தம். நான் சிபாரிசு செய்வது லினக்ஸ் மின்ட், அதிலும் எக்ஸ்எப்சிஇ பதிப்பு. பழைய மிஷினுக்கு இதமாக இருக்கும், திரையின் கீழே மெனு, பக்கத்தில் கடிகாரம் என்று விண்டோஸ் பழகிய கைக்கு அந்நியமாகத் தெரியாது. விலை கிடையாது. பைத்தான் மொழி அதிலேயே ஏற்கெனவே இருக்கும், தனியாக இறக்க வேண்டியதே இல்லை.

இன்ஸ்டால் செய்வதற்கு முன்னால் சோதித்துப் பார்க்கலாம் என்பது இதில் பெரிய வசதி. 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில், வேறொரு கம்ப்யூட்டரில் ரூபஸ் என்கிற மென்பொருளை வைத்து மின்ட்டை ஏற்றிக்கொள்ள வேண்டும் (பென் டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், முன்பே காலி செய்துவிடுங்கள்). அதைச் செருகி, லேப்டாப் ஆன் ஆகும்போது எப்12 அழுத்தினால் எதிலிருந்து தொடங்கட்டும் என்று கேட்கும். சில கம்பெனிகளில் எஸ்கேப் அல்லது வேறு எப் பட்டனாக இருக்கலாம். பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் டிஸ்க்கைத் தொடாமலே மின்ட் ஓடும். வைபை வருகிறதா, சத்தம் வருகிறதா, எல்லா கீயும் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டு, திருப்தி என்றால் இன்ஸ்டால்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். நான் முதல் தடவை லினக்ஸ் போட்டபோது, டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவவா என்று அது கேட்டதற்குச் சரியாகப் படிக்காமல் சரி என்று அழுத்திவிட்டேன். அப்பா ஆறு வருடமாக எழுதி வைத்திருந்த கடைக் கணக்கு அதில் இருந்தது. வேறெங்கும் பிரதி இல்லை. அவர் திட்டவில்லை, ஒரு நோட்டை எடுத்து நினைவில் இருந்த பாக்கிக் கணக்கை எழுத உட்கார்ந்தார். அதை இன்றும் மறக்க முடியவில்லை. மூத்த மகளின் போட்டோ, சான்றிதழ் ஸ்கேன் எதுவாக இருந்தாலும் முதலில் ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்து, அதை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்த பிறகே மற்ற வேலை. பழைய ஹார்ட் டிஸ்க்கையும் கடையில் விட்டுவிடாமல் வாங்கி வந்து பீரோவில் வையுங்கள்.

கேள்வி: பைத்தான் தளத்தில் இருந்து இறக்கி இன்ஸ்டால் செய்துவிட்டேன். கமாண்ட் பிராம்ப்ட்டில் (கட்டளை தட்டுகிற கறுப்பு ஜன்னல்) பைத்தான் என்று தட்டினால் மைக்ரோசாப்ட் ஸ்டோர் திறந்து மறுபடி இன்ஸ்டால் செய்யச் சொல்கிறது. மூன்று முறை நீக்கிவிட்டுப் போட்டுப் பார்த்துவிட்டேன், அதே கதைதான்.
*கல்லூரி மாணவர், ஒட்டன்சத்திரம்*

பதில்: மூன்று முறையும் ஒரே டிக்கை விட்டிருக்கிறீர்கள். இறக்கிய பைலை டபுள் கிளிக் செய்ததும் வருகிற முதல் திரையின் அடியில், "ஆட் பைத்தான் டு பாத்" என்கிற பொருளில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். தானாக டிக் ஆகி இருக்காது. மேலே பெரிதாக இன்ஸ்டால் நவ் என்று இருப்பதால் எல்லாருடைய கையும் நேராக அங்கேதான் போகிறது.

பாத் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள், இனி எந்த மொழியைப் போட்டாலும் இது வரும். நீங்கள் ஒரு சொல்லைத் தட்டியதும் விண்டோஸ் கம்ப்யூட்டர் முழுக்கத் தேடுவதில்லை. அதனிடம் ஒரு போல்டர் பட்டியல் இருக்கிறது, அந்தப் போல்டர்களில் வரிசையாகப் போய் அந்தப் பெயரில் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கும். அந்தப் பட்டியல்தான் பாத். தபால்காரரிடம் உங்கள் தெருவின் பெயரே கொடுக்கப்படவில்லை என்றால், நீங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தும் கடிதம் வராது. பட்டியலில் மைக்ரோசாப்ட் வைத்திருக்கிற ஒரு போலிப் பைத்தான் இருக்கிறது, உங்களுடையது இல்லை, அதனால்தான் ஸ்டோர் திறக்கிறது.

நீக்க வேண்டாம். அதே இன்ஸ்டாலரை மறுபடி திறந்தால் மாடிஃபை என்று வரும், அதை எடுத்து அடுத்த அடுத்த திரையில் போனால் என்விரான்மென்ட் வேரியபிள்ஸில் சேர்க்கவா என்று ஒரு டிக் இருக்கும், அதைப் போட்டு முடியுங்கள். பிறகு கமாண்ட் பிராம்ப்ட்டை மூடிவிட்டுப் புதிதாகத் திறக்க வேண்டும், ஏற்கெனவே திறந்திருக்கும் ஜன்னலுக்குப் புதுப் பட்டியல் தெரியாது. இதில் நிறையப் பேர் தடுக்கி விழுந்து, இன்னும் சரியாகவில்லையே என்று நான்காவது முறை நீக்கப் போகிறார்கள்.

கேள்வி: நிரல் எழுதுகிற மென்பொருளில் விஎஸ் கோடா, பைசார்மா? எதை வைத்துத் தொடங்குவது?
*வாசகர், ஈரோடு*

பதில்: இரண்டும் இப்போது வேண்டாம். தானி என்று ஒன்று இருக்கிறது, எஸ்டோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் தொடக்கநிலை மாணவர்களுக்கென்றே உருவானது, இலவசம். பைத்தானும் அதற்குள்ளேயே வந்துவிடுவதால் மேலே சொன்ன பாத் தொல்லையே கிடையாது. மேலே எழுதுகிற இடம், கீழே விடை வருகிற இடம், பச்சைப் பட்டனை அழுத்தினால் ஓடும், அவ்வளவுதான். வியூ மெனுவில் வேரியபிள்ஸ் என்பதை டிக் செய்துவிட்டால் ஒவ்வொரு பெயருக்குள்ளும் இப்போது என்ன மதிப்பு இருக்கிறது என்று பக்கத்தில் காட்டும். புதிதாகப் படிப்பவருக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை. லினக்ஸ் மின்ட்டில் சாப்ட்வேர் மேனேஜரிலேயே கிடைக்கும். விஎஸ் கோட் நல்லதுதான், ஆறு மாதம் கழித்துப் போங்கள். அது எழுதுகிற பலகை மட்டும்தான், நிரலை ஓட்டுகிற மொழியைத் தனியாகப் போட வேண்டும் என்பது தெரியாமல் எத்தனையோ பேர் முதல் நாளே மனம் வெறுத்துப் போகிறார்கள்.

கேள்வி: நோட்பேடில் பைத்தான் நிரல் எழுதி டாட் பிஒய் என்று முடித்துத்தான் சேவ் செய்தேன். ஓட்டினால் "நோ சச் பைல்" என்று எரர் வருகிறது. பைல் கண் முன்னால் டெஸ்க்டாப்பில் இருக்கிறது!
*வாசகி, தென்காசி*

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் இந்த மாதம் இந்த விஷயத்தையே எடுத்தேன். கோடிங் வரவில்லை என்று விட்டுவிட்டவர்கள் சிலரிடம் உட்கார்ந்து பேசிப் பார்த்திருக்கிறேன், அவர்களுக்குக் கோடிங் நன்றாகவே வந்தது, பைல் எங்கே இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை. போனில் எல்லாமே ஆப்புக்குள் இருந்துவிடுவதால் போல்டர் என்றால் என்ன என்று பார்க்காமலே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது, அது அவர்கள் குற்றமில்லை.

உங்கள் விஷயத்தில் இரண்டில் ஒன்று நடந்திருக்க வேண்டும். முதலாவது, நோட்பேட் உங்களைக் கேட்காமலே பின்னால் டாட் டிஎக்ஸ்டி என்று ஒட்டியிருக்கும். கணக்கு டாட் பிஒய் என்று நீங்கள் வைத்த பெயர் உண்மையில் கணக்கு டாட் பிஒய் டாட் டிஎக்ஸ்டி ஆகிவிட்டது, விண்டோஸ் அந்தக் கடைசி வாலை மறைத்துவிட்டு உங்களுக்கு முதல் பாதியை மட்டும் காட்டுகிறது. போல்டரைத் திறந்து மேலே வியூ என்பதில் போய் "பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்" என்பதை டிக் செய்யுங்கள் (விண்டோஸ் 11-ல் வியூ, அதற்குள் ஷோ, அதற்குள் இது). வால் தெரிந்துவிடும். பெயரை மாற்றிச் சரி செய்யுங்கள், அந்த டிக்கை எப்போதும் எடுக்காதீர்கள்.

இரண்டாவது, நீங்கள் நிற்கிற இடம் வேறு. கமாண்ட் பிராம்ப்ட் திறந்ததும் ஒரு வரி தெரிகிறதே, சி டிரைவில் தொடங்கி உங்கள் யூசர் பெயரில் முடிவது, அதுதான் இப்போது நீங்கள் நிற்கிற போல்டர். பைல் டெஸ்க்டாப்பில் இருக்கிறது, நீங்கள் அதற்கு வெளியே நின்றுகொண்டு கூப்பிடுகிறீர்கள். அடுத்த அறையில் இருக்கும் பிள்ளையைத் தெருவில் நின்று கூப்பிட்டால் கேட்காது. சிடி என்று தட்டி ஒரு இடைவெளி விட்டு, அந்தப் போல்டரை மவுஸால் இழுத்து அந்தக் கறுப்பு ஜன்னலுக்குள் போட்டு என்டர் அழுத்துங்கள், முழு முகவரியும் தானாக வந்து நீங்கள் உள்ளே போய்விடுவீர்கள்.

இதெல்லாம் தொல்லையாக இருக்கிறதா? அப்படியென்றால் இன்றைக்கே சி டிரைவில் நேராக ஒரு போல்டர் செய்யுங்கள். ஆங்கிலத்தில் சின்னப் பெயர், இடைவெளி வேண்டாம். எழுதுவதெல்லாம் அதற்குள் மட்டும். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், ஒன்டிரைவ் எதிலும் போடாதீர்கள். அப்புறம், வாட்ஸ்அப்பிலோ வேர்டிலோ வந்த நிரலை காப்பி செய்து ஒட்டினால், மேற்கோள் குறிகள் வளைந்த குறிகளாக மாறி வந்திருக்கலாம். பைத்தானுக்கு நேர்க்குறிதான் புரியும், வளைந்ததைக் கண்டால் "இன்வேலிட் கேரக்டர்" என்று நின்றுவிடும். கையால் தட்டிப் பழகினால் அந்தப் பிரச்சினையும் வராது, கையும் பழகும்.

கேள்வி: எங்கள் கல்லூரி லேபில் டர்போ சி++தான். வீட்டிலும் அதையே போடலாமா?
*மாணவி, கோவில்பட்டி*

பதில்: லேப் தேர்வுக்குப் பழக வேண்டுமானால் டாஸ்பாக்ஸ் (பழைய டாஸ் மென்பொருள்களை ஓட்டுகிற கருவி) மூலம் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் படிப்பதற்கு அது வேண்டாம். 1990-களின் தொடக்கத்து மென்பொருள் அது, சி++ மொழிக்கு முறையான தரம் வந்ததே 1998-ல். ஒரு சோதனை செய்து பாருங்கள்: டர்போவில் இரண்டு இன்ட் (முழு எண் வைக்கிற இடம்) எடுத்து ஒவ்வொன்றிலும் 20000 வைத்துக் கூட்டி இன்னொரு இன்ட்டில் போட்டு அச்சிட்டால் 40000 வராது, -25536 வரும். அங்கே இன்ட்டுக்கு இரண்டு பைட்தான், 32767-க்கு மேல் தாங்காது. இன்றைய கம்பைலர்களில் (நிரலை மிஷின் மொழிக்கு மாற்றுகிற மென்பொருள்) நான்கு பைட், 40000 சரியாக வரும். வீட்டில் கோட் பிளாக்ஸ் போடுங்கள், மின்ஜிடபிள்யு என்கிற கம்பைலர் சேர்ந்து வருகிற இன்ஸ்டாலரைப் பார்த்து இறக்க வேண்டும், இல்லையென்றால் கம்பைலர் இருக்காது. லேபில் எழுதுகிற ஐஓஸ்ட்ரீம் டாட் எச், வாய்ட் மெயின் எல்லாம் இங்கே ஓடாது அல்லது முறைக்கும்; ஐஓஸ்ட்ரீம் என்று மட்டும் எழுதி, மெயினுக்கு முன்னால் இன்ட் போட்டுப் பழகுங்கள். தேர்வில் அவர்கள் கேட்கிற மாதிரி எழுதுங்கள்.

கேள்வி: வயது 41. அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும். ஒரு வரியில் எத்தனை எழுத்து இருக்கிறது என்று எண்ணிச் சொல்கிற சின்ன நிரல் ஒன்றை நானே எழுத ஆசை. தமிழிலேயே கோடிங் எழுத முடியுமா, எனக்கெல்லாம் வருமா?
*வாசகர், சிவகாசி*

பதில்: வரும். தனக்கு வேண்டியது இன்னது என்று இவ்வளவு தெளிவாகச் சொல்கிறவருக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் வரும்.

முழுக்கத் தமிழில் எழுத முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்கிற மொழி இருக்கிறது, பிரிண்ட் என்பதற்கு அதில் பதிப்பி. ஆர்வத்துக்கு எழுதிப் பாருங்கள். ஆனால் உங்கள் வேலைக்கு நான் பைத்தானையே சொல்வேன், ஏனென்றால் அதிலும் பெயர்களைத் தமிழில் வைக்கலாம். தானியைத் திறந்து கீழ்ப்பகுதியில் இந்த மூன்று வரியைத் தட்டுங்கள்:

கூலி = 650
நாட்கள் = 26
கூலி * நாட்கள்

16900 என்று வரும். நினைவில் வைக்க வேண்டிய ஆங்கிலச் சொற்கள் முதல் இரண்டு மாதத்துக்கு இருபது முப்பதுக்கு மேல் போகாது. எரர் வந்தால் மேலிருந்து படிக்காமல் கடைசி வரியை மட்டும் படியுங்கள், என்ன தவறு என்பது அங்கேதான் இருக்கும். பிளஸ் டூ கணினி அறிவியல் தமிழ்வழிப் பாடநூலில் பைத்தான் இருக்கிறது, தமிழ்நாடு பாடநூல் கழகம் அதை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. கணியம் இதழின் தளத்திலும் தமிழில் எளிய பாடங்கள் உண்டு.

இப்போது உங்கள் எழுத்து எண்ணும் ஆசைக்கு வருவோம். பைத்தானில் நீளம் பார்க்க லென் என்கிற கட்டளை இருக்கிறது. அதனிடம் தமிழ் என்கிற சொல்லைக் கொடுத்தால் 3 என்று சொல்லாது, 5 என்று சொல்லும். நிரலில் தவறு என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். கம்ப்யூட்டர் எழுத்துகளை வைத்திருக்கிற யூனிகோட் முறையில் த ஒன்று, ம ஒன்று, அதன் மேல் ஏறும் இகரக் குறி தனியாக ஒன்று, ழ ஒன்று, புள்ளி தனியாக ஒன்று, ஆக ஐந்து. ஈயத்தில் அச்சுக் கோர்த்த காலத்தில் கால், கொம்பு எல்லாம் தனித் துண்டுகளாகப் பெட்டியில் கிடந்ததை உங்கள் அச்சகத்துப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள், கிட்டத்தட்ட அதே கதை. உயிர்மெய்யை ஒரே எழுத்தாக எண்ண ஓப்பன் தமிழ் என்கிற இலவசத் தொகுப்பு இருக்கிறது. தானியில் டூல்ஸ் மெனு, மேனேஜ் பேக்கேஜஸ், அங்கே ஓப்பன் டேமில் என்று ஆங்கிலத்தில் நடுவில் சிறு கோடு போட்டுத் தேடினால் கிடைக்கும். ஆனால் உடனே அதற்குப் போகாதீர்கள். ஒரு எழுத்து கொம்பு, கால், இகரக் குறி, புள்ளி மாதிரியான துணைக் குறியா என்று பார்த்து, அப்படி இருந்தால் எண்ணாமல் விடு என்று நீங்களே ஏழெட்டு வரி எழுதிப் பாருங்கள், அந்த வரிகளையும் அது காட்டுகிற எண்ணையும் எனக்கு அனுப்புங்கள். ஸ்ரீ, க்ஷ இரண்டையும் கொடுத்தால் என்ன வருகிறது என்றும் சேர்த்து எழுதுங்கள்.